கையெழுத்துப் போட வேண்டியவள்

இந்த ஊரில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருகிறார்கள். திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியும் அது எனக்குப் பழகவில்லை. கையில் ஒரு குடை, துணிக்கடைப் பைக்குள் ஃபைல், தண்ணீர் பாட்டில். டோக்கன் எடுத்து, எண் வரும்வரை செய்தித்தாள் புரட்டிவிட்டு, எழுந்து உள்ளே போகிறார்கள். எட்டு மாத வயிற்றோடு கூட அப்படித்தான். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலே மூன்று பேர் உடன் போவோம். டாக்டர் கேட்கும் கேள்விக்கு உடன் வந்தவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு எங்கே வலிக்கிறது என்பதை என் அம்மா எனக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், பெரும்பாலும் சரியாகவே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி நான்கு பேர் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. இங்கே வந்த பிறகுதான் அதற்கு நிம்மதி என்று பெயர் என்றே தெரிந்தது.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் நானும் என் கணவரும் அப்படி ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். மகளுக்குப் பதினோரு மாதம். எனக்கு மறுபடி ஏழு வாரம். கருவைக் கலைப்பதற்காகப் போயிருந்தோம் என்று எழுத வேண்டும். ஆனால் உண்மையில், யாராவது முடிவு செய்து சொல்வார்கள் என்று போயிருந்தோம். கணவர் சாலை பஜாரில் நம்மூர்க்காரர் ஒருவரின் அரிசி மண்டியில் பில் போடுபவர். அரைநாள் லீவு சொல்லி வந்திருந்தார். மகள் அவர் மடியில் இருந்தாள். என் பையில் அவருடைய ஆதார் நகல், எங்கள் கல்யாணப் பதிவுச் சான்று, அவருடைய இரண்டு போட்டோ. என்னுடைய போட்டோவை எடுத்து வைக்கவே தோன்றவில்லை.

காரணத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாக இருக்காது. மகள் பிறந்த பிறகு எனக்கு மனம் சரியில்லாமல் போயிற்று. எல்லாருக்கும் வரும் அழுகை என்றார்கள். அழுகை நிற்கவில்லை. குழந்தை வீறிடும்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். ஒரு நாள் மதியம் அவளைப் பாயில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கரமனை பஸ் ஸ்டாப் வரை நடந்து போனேன். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை. திரும்பி வந்தபோது அவள் அழுது அழுது தூங்கியிருந்தாள். கணவரிடம் அன்று இரவே சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனார். ஆறு மாதம் மாத்திரை. அதை நிறுத்தி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மகளின் சிரிப்பு எனக்குக் கேட்கத் தொடங்கியதே அப்போதுதான். இன்னொரு முறை அந்த பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் திரும்பி வருவேனா என்று எனக்குத் தெரியாது. பயம் அதுதான். வேறு எதுவும் இல்லை.

கணவர் நல்லவர். "நீ என்ன சொல்லுதியோ அதுதான் உமா" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன நினைக்கீங்க?" என்று கேட்டால் அதற்கும் அதே பதில். எனக்கோ, அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. பிற்காலத்தில் நெஞ்சு அரிக்கும்போது, "அவர்தானே சொன்னார்" என்று சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டியிருந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் படிக்கக்கூட இல்லை, அப்படியே கணவரிடம் கொடுத்துப் பேனாவையும் கொடுத்தேன். கேஸ் இணைப்பு, வீட்டு ஒப்பந்தம், மகளின் பிறப்புச் சான்று எல்லாம் இப்படித்தான் எங்கள் வீட்டில் நடந்திருக்கின்றன. அவரும் மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கீழே இருந்த கோட்டின் மேல் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இதெந்தா சேட்டா? சேட்டன்டெ வயற்றிலாணோ குஞ்ஞு?"

குழந்தை உன் வயிற்றிலா இருக்கிறது என்று கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கணவர் காது சிவந்து, "இல்ல சிஸ்டர், பழக்கத்துல..." என்றார். "இவங்க சைன் பண்ணுனா நான் சாட்சியாப் போடணுமா?" என்று கேட்டார். "வேண்டா. சேட்டன் ஒந்நும் வேண்டா. சேச்சி மாத்ரம் மதி." அவர் தேவையில்லையாம், நான் மட்டும் போதுமாம். அது கருக்கலைப்புக்கான சம்மதம் என்ற தலைப்பை அதன் பிறகுதான் நர்ஸ் கவனித்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துவிட்டு, புதிய ஒன்றை என் கையில், கணவரைத் தாண்டி என் கையிலேயே வைத்தார். "பதுக்கெ மதி சேச்சி. வாயிச்சு நோக்கீட்டு" என்றார். மெதுவாகப் போதும், படித்துப் பார்த்துவிட்டு.

வயது வந்த பெண் என்றால் அவள் சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டம் சொல்வதை அன்றுதான் படித்தேன். அது கோவில்பட்டிக்கும் அதே சட்டம்தான். எனக்குத்தான் தெரியாது. பி.எட். படித்தவள்.

கையில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தபோது என் மதினி நினைவுக்கு வந்தாள். அண்ணன் மனைவி. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூன்றாவது தங்கியது. வீட்டு முன்னறையில் அப்பா, அண்ணன், பெரியப்பா மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மதினி அவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காரில் கூட்டிப் போனார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டான். மூன்றாம் நாள் அவள் அடுப்படியில் நின்றாள். அடுத்த வாரம் எனக்குக் கல்லூரியில் பட்டிமன்றம். தலைப்பு கருக்கலைப்பு. நான் எதிர்த்துப் பேச வேண்டிய அணி. வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பேப்பரைப் பிடித்துக்கொண்டு, நான் மறக்கும் இடத்தில் எடுத்துக் கொடுத்தது மதினிதான்.

"நல்லாத்தான் பேசுத" என்றாள் முடிவில். "அந்தக் கொலைன்னு வார இடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லு. அப்பிடிக் கத்தாத."

அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கருவில் இருப்பது ஒரு மனுஷியா இல்லையா என்று மேடையில் கேட்டேன். வீட்டில் டீ டம்ளரோடு நின்றவள் ஒரு மனுஷியா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. எனக்குத்தான் முதல் பரிசு.

அன்று சொன்ன வாதங்களை எல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே பொய்யில்லை என்பதுதான் சங்கடம். உள்ளே இருப்பது வெறும் சதை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகள் ஏழு வாரமாக இருந்தபோது நான் அவளுக்குப் பெயர் தேடியவள். மாவு இன்னும் இட்லி ஆகவில்லை, ஆனாலும் மாவைச் சாக்கடையில் கொட்டக் கை கூசும் இல்லையா என்று யோசித்தேன். உடனே அந்த உவமை மேல் சந்தேகம் வந்தது. மாவு யாருடைய உடம்பிலும் வளர்வதில்லை. மாவைக் காப்பதற்காக யாரும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பதில்லை. இன்னும் வந்து சேராத ஒருவருக்கு நான் எவ்வளவு கொடுக்க வேண்டும்? வந்து சேர்ந்து, அப்பா மடியில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் இவளிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும் என்றால்? கேட்கக் கேட்க ஒன்று மட்டும் தெளிந்தது. சட்டம் 'செய்யலாம்' என்றுதான் சொல்கிறது. 'செய்' என்றோ 'சரி' என்றோ அது சொல்வதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது. அங்கே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

டாக்டர் அம்மா என்னைத் தனியாக உள்ளே அழைத்தார். தமிழ் தெரிந்தவர். என் பழைய ஃபைலைப் படித்திருந்தார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேண்டாம்னு யாராவது தடுத்தாங்களா?" அதுவும் இல்லை. "அப்ப ஏன் இவ்வளவு பயம்?"

"இது தப்பா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்பைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். இதை நான் சொன்னா நாளைக்கு நீங்க என்னைத்தான் கோவிச்சுக்குவீங்க. ரெண்டு நாள் வேணும்னா எடுத்துக்கோங்க. நேரம் இருக்கு."

நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. மாத்திரைகள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகான நாள்களைப் பற்றி எழுத வேண்டாம். வலித்தது, அழுதேன், மகள் என் மேல் ஏறி விளையாடினாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். துக்கம் வந்தால் செய்தது தவறு என்று அர்த்தம் என நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சரியென்று நினைத்துச் செய்ததற்கும் துக்கப்படலாம். இன்றைக்கு இதை எழுதும்போது சரிதான் என்று நினைக்கிறேன். நேற்று அவ்வளவு நிச்சயமாக நினைக்கவில்லை.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, கணவர் போன் செய்தார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். "தானாப் போயிட்டும்மா" என்றார். என்னைக் கேட்கவில்லை. நான் மறுக்கவும் இல்லை. எனக்குப் பழைய நிம்மதி திரும்பி வந்தது. அதை நினைத்துத்தான் பிறகு வெட்கப்பட்டேன்.

ஆடி மாதம் ஊருக்குப் போனோம். அத்தை என்னை வாசல் பெருக்க விடவில்லை. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தார். "முழுசும் தின்னு பிள்ள. இடுப்பு விட்டுப் போகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் உன் புருசனுக்கு அப்புறம் ஒண்ணு இப்பிடித்தான். தானாப் போச்சு. நம்ம கையில என்ன இருக்கு, சொல்லு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து சட்டியைக் கழுவப் போனார். குழாயடியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தானாகப் போனவை எத்தனை, போக வைக்கப்பட்டவை எத்தனை, போக வைத்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. "என் கையில் இருந்தது அத்தை, நான்தான் முடிவு செய்தேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த களியைத் தின்றேன்.

நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். மகள் மடியில் தூங்கினாள், கணவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஊரில் அது எனக்கு நேர்ந்த ஒன்று. எல்லாரும் எனக்காக வருத்தப்படுகிறார்கள், அந்த வருத்தத்தில் எனக்கு இடம் இருக்கிறது. இங்கே அது நான் செய்த ஒன்று. யாரும் வருத்தப்படவில்லை, ஆனால் ஒரு ஃபைலுக்குள் அது என் பெயரில் இருக்கிறது. எல்லையில் களியக்காவிளை வந்தது. கடைப் பலகைகளில் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் கலந்து வந்தன, பிறகு தமிழ் குறைந்துகொண்டே போயிற்று. எந்தக் கடையோடு அந்தப் பக்கத்துக்காரி முடிந்து இந்தப் பக்கத்துக்காரி தொடங்குகிறாள் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். பாறசாலை தாண்டிவிட்டது, நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.