பன்னிரண்டு முதல் நான்கு வரை

பேனா விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது என் கையில் இல்லை என்று தெரிந்தது. கல்யாணமாகி அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து எட்டு மாதம். மேல்படிப்புக்கு மூன்றாவது விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் பாதங்கள் மரத்தன. நான்காம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

கியான்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு செலுத்துவது) செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் கணவர் ரகுவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தினம் மூன்று வேளை என் கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். விட்டால் மூட்டு இறுகிவிடும். நரம்பு தேறினாலும் நடை வராது.

ரகுவின் மேனேஜர் டயேன் நல்ல மனுஷி. ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பேசும் டெர்மினல் ஒன்றை வீட்டுக்கே அனுப்பி, மனைவியோடு இருங்கள், முடிந்தபோது வேலை பாருங்கள் என்றார். அந்த நன்றிதான் ரகுவைப் பிடித்துக்கொண்டது. ஆபீஸில் எட்டு மணி நேரம் உழைத்தவர் வீட்டில் பதினான்கு மணி நேரம் உழைத்தார். என் கட்டிலுக்கு ஆறடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ரகு, காலு."

"அஞ்சு நிமிஷம் உமா. இந்த ப்ரோக்ராம் ஓடி முடிஞ்சிடட்டும்."

"காலைலயும் அதே அஞ்சு நிமிஷம்தான்."

"வேற எந்த ஆபீஸ்ல இப்படி விடுவான், சொல்லு? க்ரீன் கார்டு வேற அவங்கதான் அப்ளை பண்ணியிருக்காங்க."

அதற்குமேல் கேட்கமாட்டேன். எனக்கும் அந்த நன்றி இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கைகாலோடு அதுவும் மரத்திருந்தது. இதே நோயில் படுத்திருப்பவர்களே, கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்ட அந்த மூன்று வாரத்தில்தான் என் வலது கணுக்கால் இறுகியது.

டெர்மினல் ஓடுவது போன் லைனில். அதனால் எங்கள் போன் எப்போதும் என்கேஜ்டு. பிடிக்க முடியாமல் ஒரு மதியம் டயேன் நேரிலேயே வந்துவிட்டார். ரகு பரபரப்பாக முடித்த வேலைகளைக் காட்டப் போனார். டயேன் என் பக்கம் திரும்பினார்.

"உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாரா?"

படபடவென்று பேசுகிறவள் நான். அன்று, "வீட்டில்தான் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"ரகு, நாளையிலிருந்து பன்னிரண்டு முதல் நான்கு வரை அந்த மெஷின் உங்களை உள்ளே விடாது. சொல்லி வைத்துவிடுகிறேன்."

சொன்னபடியே மறுநாள் பன்னிரண்டுக்குத் திரை நின்றது. ரகு இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிச்சா சொல்லு."

"வலிச்சா ஸ்வீட்டே வாங்கலாம்."

ஏழாவது மாதம் நடந்தேன். வலது கணுக்கால் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். அந்தப் பாதத்துக்கு மட்டும் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வந்துசேர்கிறது. ரகு அதன்மேல் கை வைத்தால், கையை எடுத்த பிறகுதான் வைத்திருந்தது தெரிகிறது.