புத்தளத்துக்கு ஒரு கிளைடர் ஹயர்

லொறி ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: இரும்பு, சீமெந்து ஏற்றினால் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டலாம், மெல்லிய சாமான் என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வரும். ஒருகொடவத்தையில் என் நீட்டு லொறிக்கு வந்த ஹயர் ஓட்டங்களில் மிக மெல்லியது ஒரு கிளைடர். இரண்டு பேர் இருக்கக்கூடிய, என்ஜின் இல்லாத விமானம். கொழும்பு கிளப்காரர் சிலர் ஐந்து நாள் பறப்பதற்குப் புத்தளம் பக்கத்து விமானத் திடலுக்கு அதைக் கொண்டுபோய், கூடவே நின்று திருப்பிக் கொண்டுவரக் கேட்டார்கள்.

சோதனை

இறக்கைகளைக் கழற்றி, மெத்தை சுற்றி ஏற்றினோம். சிலாபம் தாண்டியதும் பொலிஸ் மறித்தது. "என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட். பிளேன் என்றேன். முகம் மாறிவிட்டது. கடதாசிகளை இரண்டு தரம் வாசித்தார். என்ஜின் எங்கே என்றார். இல்லை என்றேன். குனிந்து தேடியும் பார்த்தார். பிறகு கடதாசிகளைத் திருப்பித் தந்தார்.

"என்ஜின் இல்லாட்டிப் பறக்காதுதானே. அப்ப பயமில்லை, போங்க."

சிவநேசன் ஐயா

கிளப்பில் வயதானவர் வெள்ளவத்தை சிவநேசன் ஐயா. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் நாள்தான் முதன்முதலாகத் தனியே பறந்தார். ஜீப் நீளக் கயிற்றால் இழுக்க, பட்டம்போல் அழகாக ஏறினார். கொஞ்ச நேரத்தில் காற்று விழுந்துவிட்டது. கிளைடர் தென்னைகளுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தது. போன் அடித்தோம், அது எங்களுக்குப் பக்கத்தில், அவருடைய பையில் அடித்தது. பயிற்சி கொடுக்கும் டிலானி மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு லொறியை விரட்டினேன். வழி முழுக்க அவ ஜன்னலால் தலையை நீட்டித் தென்னைகளுக்கிடையில் தேடிக்கொண்டு வந்தா.

அறுவடை முடிந்த வயலில் கிளைடர் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. ஐயா அதன் நிழலில் இருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மிஸ் வரம்பிலேயே இருந்து அழுதுவிட்டா. ஐயா இளநீரை அவவிடம் நீட்டினார்.

"அழாதையும் பிள்ளை. ஆரையும் கேக்காமல் நானா ஒரு முடிவெடுத்தது என்ர வாழ்க்கையில இண்டைக்குத்தான்."

பிரேக்

கடைசி நாள் மிஸ் என்னையும் கூப்பிட்டா. அந்தோனியாரை நினைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன். மேலே போய்க் கயிறு கழன்றதும் காற்றின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமில்லை. இத்தனை காலம் என்ஜின் சத்தத்தோடு இருந்த காதுக்கு அது பெரிய சுகம். கீழே களப்புத் தண்ணீர் மினுங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து குறுக்கே வர, என் வலது கால் தன்பாட்டில் அடியிலிருந்த பெடலை அமத்திவிட்டது. கிளைடரின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல் நிதானமாக வந்தது.

"அண்ணை, அது பிரேக் இல்லை. காலை எடுங்கோ, பருந்து தன்ர பாட்டில போகும்."

இத்தனை வருஷத்தில் நான் ஏற்றிய சாமான்களில் என்னைத் திருப்பி ஏற்றியது அது ஒன்றுதான்.