கலாராணி பார்த்த அறுபத்து மூன்று படங்கள்

கலாராணிக்குச் சினிமா பிடிக்காது. கல்யாணமான புதிதில் கணவர் அழகர் அவளைப் பதுளைக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய படம் காட்டினார். வாரம் முழுவதும் மழையில் கொழுந்தெடுத்த களைப்பு. இடைவேளைக்கு முன்பே அவள் அவருடைய தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இருபத்தேழு வருடமாக அந்தக் கதையை அழகர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளை மறுபடி தியேட்டருக்குக் கூப்பிட்டதில்லை. தனியாகப் போய்வருவார். வந்து, சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்வார். அவள் ம் கொட்டுவாள். காதில் வாங்கியதில்லை.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் இரண்டு காம்பரா அறைகள்தான் அவர்கள் வீடு. அழகர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மகன் நிஷாந்த் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். மூத்தவள் சிவசக்தி பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது.

முந்தா வருடம் மாசியில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே அழகர் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. எல்லாம் விளங்கும், கண் பேசும், ஆனால் வாயிலிருந்து ‘ம்மா’ என்ற ஒரு சத்தம் மட்டுந்தான் வரும். தண்ணீர் கேட்டாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவருக்கு விருப்பமான விஷயத்தைப் பற்றி நிறையப் பேசச் சொன்னாள். ஆமா, இல்லை என்று தலையாட்டுகிற மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதிவைக்க வேண்டும். அவருக்கு விருப்பமானது எது என்று யோசிக்கவே தேவையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வரும் வழியில் மபாஸ் என்ற பையனின் போன் கடைக்குள் நுழைந்து, பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று கலாராணி கேட்டாள். மபாஸ் ஒரு பென் டிரைவில் நூறு படத்தை ஏற்றிக் கொடுத்தான். “எல்லாம் எங்க வாப்பா ஆசப்பட்டுச் சேத்த படங்க அக்கா. பாக்கத்தான் அவருக்கு நாள் கெடைக்கல” என்றான்.

அதிலிருந்து அவள் அரை நாள்தான் வேலைக்குப் போனாள். மத்தியானம் வந்து, அவரைத் துடைத்து, சோறு ஊட்டி, தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு டீவியைப் போடுவாள். முதல் படங்களில் அவள் திரையை அதிகம் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கியமான இடம் வரப்போகிறதென்றால் அவர் இடது கை போர்வையை இறுக்கும். அப்போது அவளும் திரும்பித் திரையைப் பார்ப்பாள். படம் முடிந்ததும் கேட்பாள். அந்த அண்ணன்காரன் நல்லவனா? தலையாட்டல். அவள் அவனைக் கட்டியிருக்கலாமா? இல்லை என்று ஆட்டல். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். அவர் நினைத்ததை எழுதிய பிறகு, தான் நினைத்ததையும் கீழே எழுதத் தொடங்கினாள். அதை யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

‘கதாநாயகி எட்டுப் பாட்டுப் பாடுகிறாள். ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை’ என்று ஒரு படத்துக்கு எழுதினாள். ‘ஏழை வீடு என்கிறார்கள். உள்ளே மாடிப்படி இருக்கிறது’ என்று இன்னொன்றுக்கு. ‘குளிரில் நடுங்குகிற மாதிரி நடிக்கிறார். நிஜமாகக் குளிருகிறவன் கையை இப்படி விரிக்க மாட்டான், அக்குளில் வைத்துக்கொள்வான்.’ வாசித்துக் காட்டினால் அழகருக்குச் சிரிப்பு வரும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும்.

தீபாவளிக்கு வந்த நிஷாந்த் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கங்களைப் போனில் படம் பிடித்து முகநூலில் போட்டான். லயத்துப் பெண் ஒருத்தி பழைய படங்களைப் பற்றி எழுதுகிறாள் என்று ஆட்கள் தேடி வந்து வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போனில் கூப்பிட்டு, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுவான். அவள் போனைச் சத்தமாக வைத்துக் கட்டிலில் அழகருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். அவருக்கு அதில் பெருமை. பக்கத்து வீட்டார் வந்தால் இடது கையால் கொப்பியைக் காட்டுவார்.

நாற்பத்தேழாவது படம் ஓர் அப்பாவையும் மகளையும் பற்றியது. அப்பா தன் சொல்லைக் காப்பாற்ற மகளைத் தூர தேசத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார். அவள் திரும்பி வருவதில்லை. கடைசிக் காட்சியில் அப்பா அழுகிற அழுகைக்காகவே அந்தப் படம் பேர்பெற்றது. அழகரும் அழுதார். கலாராணி அழவில்லை. அன்று அவரிடம் கேள்வியும் கேட்கவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எழுதினாள்.

சிவசக்தியை அனுப்பியது அழகர்தான். உயர்தரப் பரீட்சையை இன்னொரு முறை எழுத அவளுக்கு ஆசை இருந்தது. கொழும்பில் தெரிந்தவர் ஒருவர் வேலைக்கு நல்ல வீடு இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்னார். அழகர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வருடம் மட்டும் என்றார். ஐந்தாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. அந்த வீட்டுக்காரர்கள் தோட்டத்துக்குச் செய்தி சொன்னபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. இவர்கள் கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அழகர் படம் பார்க்கப் போவதையும் அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்.

நாற்பத்தேழாவது படத்துக்கு அவள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டாள். ஏன் அனுப்பினாள் என்று அவளுக்கே இன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நிஷாந்த் கூப்பிட்டு, இதற்கு முன் எதற்கும் இத்தனை பேர் எழுதியதில்லை என்று சொல்லி, அவள் எழுதியதையே முதலில் வாசிக்கத் தொடங்கினான். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடி வருவதற்குள் அவன் பாதியைத் தாண்டியிருந்தான்.

‘அப்பா அழும்போது எல்லோரும் அழுகிறார்கள். என் வீட்டுக்காரரும் அழுதார். இந்தப் படத்தில் அம்மாவுக்கு மூன்று வசனந்தான், எண்ணிப் பார்த்தேன். மகளை அனுப்பும்போது அவளுக்குப் போக விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.’

அழகர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று வாரம் டீவி ஓடவில்லை. சோறு ஊட்டினால் நாலு வாய் வாங்குவார், பிறகு உதட்டை மூடிக்கொள்வார். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதில் பொய் இல்லை என்று நினைத்தாள். அதே சமயம், வாய் பேச முடியாத மனிதரைக் குத்திவிட்டோமே என்று மலையில் கொழுந்தெடுக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

நாலாம் வாரம் ஒரு மத்தியானம் அவர் இடது கையை நீட்டி டீவியைக் காட்டினார். அவள் நாற்பத்தெட்டாவது படத்தைப் போட்டாள். கட்டில் சட்டத்தைத் தட்டினார். நாற்பத்தொன்பதைப் போட்டாள். அதற்கும் தட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்பத்தேழைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மகள் புறப்படுகிற காட்சி வந்தது. அம்மா நிலைப்படியில் நிற்கிறாள், கையில் ஒரு செம்பு, வாயில் வசனம் இல்லை. கலாராணி பழக்கத்தில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ம்மா’ என்றார். மறுபடியும் ‘ம்மா’ என்றார். முகத்தின் ஒரு பக்கம் கோணிக்கொண்டு அழுதது. மறுபக்கம் அசையவில்லை, ஆனால் அந்தக் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

அவள் போர்வை நுனியால் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

“போக வேணாம்னு நானும் சொல்லலங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும், கேட்டிருப்பீங்க.”

அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை இருவருமே பார்க்கவில்லை.

பிறகு பதினாறு படங்கள் பார்த்தார்கள். போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை, வலிப்பு வந்து, ஆட்டோவில் லுணுகலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, அவள் மடியில் அழகரின் உயிர் போயிற்று.

கருமாதி எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மகன் வற்புறுத்தியதால் அவள் அறுபத்து நாலாவது படத்தைப் போட்டாள். அரை மணி நேரம் போனது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எந்த இடத்தில் கவனிக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. ஆட்கள் வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். அணைத்துவிட்டாள். மகனிடம், எனக்கு எப்போதுமே சினிமா தெரியாது, அவருக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துத்தான் எழுதினேன், இனிமேல் எழுத ஒன்றுமில்லை என்றாள். மறுநாளிலிருந்து முழு நாள் வேலைக்குப் போனாள்.

இந்த வருடம் வெலிமடையிலிருந்து றிஸ்னி என்ற ஆசிரியை நிஷாந்துக்கு எழுதினார். அறுபத்து மூன்றையும் சிறிய புத்தகமாகப் போட அவருக்கு விருப்பம். கலாராணி இரண்டு நாள் யோசித்தாள். போடலாம், ஆனால் நாற்பத்தேழாவதைத் திருத்தித் தருகிறேன் என்றாள். முதலில் எழுதிய எதையும் அவள் அடிக்கவில்லை. கீழே நாலு வரி சேர்த்தாள்:

‘அம்மாவுக்கு மூன்று வசனந்தான் என்று எழுதியது சரி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் என் வாயைப் பொத்தவில்லை. நான்தான் பேசாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் இந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.’

அதைத் தட்டச்சு செய்துவிட்டு நிஷாந்த் கடையிலிருந்தே போன் எடுத்தான். பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது.

“அக்கா கொழும்புக்குப் போன அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்” என்றான். “என்ன உடுப்பும்மா போட்டிருந்துச்சு?”

ஏழு வருடத்தில் அவன் அக்காவைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கலாராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மஞ்ச சுடிதார்” என்றாள். “பெரிய சைஸ். கைய மடிச்சு விட்டிருந்தா.”