திரு. தொண்டைக் கதிருக்கு ஒரு மண் வள அட்டை

1. டில்லரிங் ஸ்டேஜ்

புதிதாக வேலைக்குச் சேரும் வேளாண்மை அலுவலர்கள் என்னிடம் வந்து, "மேடம், ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி எந்த புக் படிக்கலாம்?" என்று கேட்பதுண்டு. கையில் பேனாவும் தயாராக இருக்கும். "நூலகத்துல சிறுவர் பகுதிக்குப் போய்ப் பாருங்க" என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கிண்டல் செய்யவில்லை.

நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். வேளாண்மைப் பட்டம் வாங்கினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எல்லாம் ஆங்கிலத்தில். நெற்பயிரின் ஒவ்வொரு பருவத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதுவும் ஆங்கிலத்தில்தான். முதல் வேலை திருவாரூர்ப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தையும் சேர்த்து ஆறு கிராமங்களுக்கு.

அந்தக் கடைமடைக் கிராமத்தில்தான் என் முதல் விவசாயிகள் கூட்டம். ஆகஸ்ட் மாதம், சம்பா தொடங்கும் நேரம். சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, "பயிர் டில்லரிங் ஸ்டேஜுக்கு வரும்போது ஃபர்ஸ்ட் டாப் டிரெஸ்ஸிங்கும், பேனிக்கிள் இனிஷியேஷன்ல செகண்டும் குடுக்கணும்" என்று ஆரம்பித்தேன். முகங்களில் ஒன்றும் தெரியவில்லை. சரி, தமிழில் சொல்வோம் என்று, "கிளைப்புப் பருவத்தில் தழைச்சத்தை மேலுரமாக இடுதல் வேண்டும்" என்றேன். அது இன்னும் மோசம்.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "மேடம் எந்த ஊருப் பயிரைச் சொல்றாங்க?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. அரை மணி நேரம் பேச வேண்டியதைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

2. மனு

அடுத்த வாரமே உதவி இயக்குநர் கூப்பிட்டார். எல்லோரும் அவரை ஏ.டி. சார் என்போம். அதிகம் பேசாதவர். மேஜையில் ஒரு மனு இருந்தது. 'எங்களுக்குப் புரியும்படி பேசுகிற அலுவலரை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' கீழே முப்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து லூர்துமேரி.

"யாரு சார் இது?"

"எந்த ஊருப் பயிருன்னு கேட்டுச்சே, அந்தம்மாதான். மூணு ஏக்கர் குத்தகைக்குப் பாக்குது. அது சொன்னா ஊரு கேக்கும்."

மனுவை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். "நவம்பர்ல அங்க அடுத்த கூட்டம். நானும் வருவேன். அன்னிக்கும் இதே கதைன்னா உங்களை ஆபீஸ் வேலைக்கு மாத்திருவேன். ரிப்போர்ட் டைப் அடிக்கவும் ஆள் வேணும்ல?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். அறைக்குப் போய் அழுதேன். வயலில் நிற்க வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பையே எடுத்தேன். வீட்டில் எல்லோரும் பேங்க் தேர்வு எழுதச் சொன்னபோது சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் நான். டைப் அடிக்கவா வந்தேன்?

3. குழந்தைக்கா மேடம்?

அகராதி வாங்கினேன். அகராதியில் சொல்லுக்குப் பொருள் இருந்தது, வயல் இல்லை. அந்தச் சனிக்கிழமை கிளை நூலகத்தில் வேளாண்மைப் புத்தகம் தேடப் போனவள், கால் வலிக்கிறதே என்று சிறுவர் பகுதியின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் இளையோர் நாவல் கிடந்தது. முன் அட்டை போய், காக்கித்தாள் ஒட்டியிருந்தது. அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, அம்மாவும் பதினான்கு வயது மகளும் ஒரு போகம் சம்பா பண்ணுகிற கதை. அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். மாட்டோடு சண்டை, மடை திறப்பவரோடு சண்டை, கணக்கு டீச்சரோடு சண்டை. பத்துப் பக்கம் நின்றபடியே படித்தேன், நாற்காலியை ஒரு குழந்தை கேட்டு வாங்கிக்கொண்டதால்.

"குழந்தைக்கா மேடம்?" என்று கேட்டார் நூலகர்.

"ஆமாங்க" என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்த நாவல் எந்தச் சொல்லுக்கும் விளக்கம் தரவில்லை. அதுதான் அதன் நல்ல குணம். சேற்றைச் சமப்படுத்த மாடு ஒரு பலகையை இழுக்கிறது, பாரத்துக்கு அந்தப் பெண் அதன்மேல் ஏறி நின்று விழுந்து வைக்கிறாள். அப்போது பரம்பு என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்ட நாற்று நாலு நாள் வாடிக் கிடந்து பிறகு தலை நிமிர்கிறது. "பச்சை பிடிச்சிருச்சும்மா!" என்று வீட்டுக்கு ஓடுகிறாள். அந்த இடத்தில் நானும் அவளோடு ஓடினேன்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் தொண்டைக் கதிர் வந்தது. கதிர் உருவாகிவிட்டது, ஆனால் தோகைக்குள்ளேயே இருக்கிறது, தண்டு மட்டும் புடைத்துத் தெரிகிறது. கல்லூரியில் இதை பூட்டிங் என்று மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பயிருக்கும் ஒரு தொண்டை இருக்கிறது, கதிர் இன்னும் அதில்தான் நிற்கிறது. யார் முதலில் அப்படிச் சொன்னாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

4. லேபில் இருந்து வந்த அட்டை

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலையைக் காட்டியது. அப்போது மண் மாதிரி எடுக்கும் காலம். வயலில் நாலைந்து இடத்தில் குழி வெட்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டு, கூடவே ஒரு சீட்டும் வைத்து லேபுக்கு அனுப்புவோம். அந்த அச்சடித்த சீட்டுகள் கட்டுக்கட்டாக என் பையில் இருந்தன. புதுச் சொற்களை எழுதிக்கொள்ள அவை எவ்வளவு வசதி என்று கண்டுபிடித்தேன். விவசாயி பெயர் என்ற இடத்தில் சொல். புல எண் என்ற இடத்தில் பக்க எண். முந்தைய பயிர் என்ற இடத்தில் பொருள். பஸ்ஸில் போகும்போது எடுத்துப் புரட்டி மனப்பாடம் செய்வேன்.

செப்டம்பர் கடைசியில் லேபில் இருந்து மண் வள அட்டைகள் வந்தன. கடைமடைக் கிராமத்துக்குப் பத்து. ஒன்பது சரி. பத்தாவதில் அழகாக அச்சாகியிருந்தது:

விவசாயி பெயர்: திரு. தொண்டைக் கதிர். புல எண்: 47. முந்தைய பயிர்: வெளியே வராத கதிர்.

திரு. தொண்டைக் கதிர் அவர்களின் நிலத்தில் சாம்பல் சத்துக் குறைவு என்றும், ஏக்கருக்கு இவ்வளவு பொட்டாஷ் இட வேண்டும் என்றும் பரிந்துரை வேறு. லேபுக்கு போன் செய்தேன். "சீட்டுல உள்ளதைத்தான் மேடம் அடிச்சோம். பேரு கொஞ்சம் புதுசா இருக்கேன்னு நெனச்சோம்" என்றார் அங்கிருந்த அம்மா.

பதிவேட்டைப் பார்த்தேன். என் சொல் சீட்டு ஒன்று யாருடைய மண் பைக்குள்ளோ போயிருக்கிறது. பத்துப் பேரில் அட்டை வராதவர் ஒருவர்தான். லூர்துமேரி.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, லேபில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் அந்த யோசனையோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இந்த அட்டை வருவதற்குள் அவர் வயலில் தண்ணீர் விட்டு நடவே முடித்திருப்பார், மறுபடி மண் எடுக்க முடியாது. பொட்டாஷ் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டுமே. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வரப்பில் நின்றபடி அட்டையை வாங்கிப் படித்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், எட்டாவது வரை படித்தவர். இரண்டாவது முறையும் படித்தார்.

"தொண்டைக் கதிரு யாரு மேடம்? உங்க வீட்டுக்காரரா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனு, ஏ.டி. சார், நவம்பர் கூட்டம், சிறுவர் பகுதி, சீட்டு. அவர் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தார். நிறுத்துவார் என்று பார்த்தால் மறுபடி அட்டையைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொஸ்தகத்தைக் குடுங்க" என்றார்.

5. பென்சில் குறிப்புகள்

நான்காம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. ஓரங்களில் பென்சில் எழுத்து. நூலகப் புத்தகம் என்று சொல்ல மறந்துவிட்டேன், என் தப்புத்தான்.

"கதை நல்லாருக்கு மேடம். அந்தப் புள்ளை அப்பாவுக்கு லெட்டர் எழுதுற எடத்துல அழுதுட்டேன். ஆனா நட்ட அன்னிக்கே தண்ணியை முழங்கால் வரைக்கும் நிறுத்துதே, வெளங்குமா? நாத்து மெதந்து போயிராது? எழுதுனவங்க சேத்துல எறங்கினதில்லை போல" என்றார் லூர்துமேரி.

எனக்குச் சுரீர் என்றது. நட்ட வயலில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று பரீட்சையில் எழுதியவள் நான். அதே பக்கத்தை மூன்று முறை படித்திருந்தேன். சொல் பொறுக்கும் மும்முரத்தில் பயிரைக் கவனிக்கவில்லை.

"அக்கா, அது எனக்கும் தெரியும். ஆனா கண்ணுல படலை" என்றேன்.

"தெரியும்ல? அப்ப அதைப் பேசுங்க. வார்த்தை தானா வரும்."

அதன் பிறகு எப்போது அந்தப் பக்கம் போனாலும் அவர் வயலில் நின்று பேசிவிட்டுத்தான் வருவேன். அவர் புத்தகத்தோடு சண்டை போடுவார், நான் சில இடங்களில் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்குவேன். அவர் வயலுக்குப் பொட்டாஷும் போட்டோம். அட்டையில் பெயரைத் திருத்தித் தருகிறேன் என்று கேட்டதற்கு மட்டும் தர மறுத்துவிட்டார்.

6. நவம்பர் கூட்டம்

அதே கூடம். முன் நாற்காலியில் ஏ.டி. சார். அன்று நான் நன்றாகவே பேசினேன், அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. பயிர் தூர் கட்டுவது (என் பழைய டில்லரிங்தான்), மழைக்கு முன் வடிகாலைத் திறந்து வைப்பது, கதிர் தொண்டையில் இருக்கும்போது தண்ணீர் காயவிடக் கூடாது என்பது, பால் பிடிக்கும்போது வாடினால் எல்லாம் அரிசி இல்லாத கருக்காயாகப் போகும் என்பது. தலைகள் ஆடின. சிலர் குறுக்கே பேசினார்கள், அது இன்னும் நல்ல அறிகுறி. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் இருந்து கோவிந்தராசு எழுந்தார். அவருக்கு ஐந்து ஏக்கர் சம்பா. "எல்லாம் சரிங்க. என் வயல்ல ஆனைக்கொம்பு விழுந்திருக்கு. அதுக்கு என்ன பண்றது?"

நாவலில் ஆனைக்கொம்பு இல்லை. என் சீட்டுகளில் இல்லை. துறைக் கையேட்டில் கட்டாயம் இருந்திருக்கும், அந்தப் பக்கத்துக்கு நான் போகவில்லை. மொத்தக் கூடமும் என்னைப் பார்த்தது. ஏ.டி. சார் கைகளைக் கட்டிக்கொண்டார். பூச்சியா, நோயா, யானையே வந்து மிதித்ததா என்றுகூடத் தெரியாது. "ஆமாங்க, இந்த வருஷம் அது அதிகம்தான். மருந்து எழுதித் தரேன்" என்று சமாளிக்க வாய் வரை வந்துவிட்டது. அப்படி எழுதித் தரும் மருந்து அவர் ஐந்து ஏக்கரில் விழும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுங்க. வயல்ல காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பிறகு கோவிந்தராசு, "வாங்க, பக்கத்துலதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் மட்டும்தான் போவேன் என்று நினைத்தேன். கூட்டமே எழுந்து வந்தது. ஏ.டி. சாரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்.

கோவிந்தராசு ஒரு தூரைப் பிரித்துக் காட்டினார். நடுக்குருத்து வெங்காயத் தாள் மாதிரி உருண்டு, வெள்ளி நிறத்தில், உள்ளே வெற்றாக நின்றது. பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் கால் மிட்ஜ் என்கிற ஈ, அது உண்டாக்கும் சில்வர் ஷூட். ஐந்து பக்கம் படம் வரைந்து படித்தது. ஈ முட்டையிட்டு, புழு குருத்துக்குள் போய்விடும். அந்தத் தூரில் இனிக் கதிர் வராது.

"இது எனக்கு நல்லாத் தெரியுங்க, பேருதான் தெரியல. யூரியாவை இப்ப நிறுத்துங்க. நூறு தூரு எண்ணுவோம். பத்துக்கு மேல இப்படி இருந்தாத்தான் மருந்து. இல்லைன்னா வேண்டாம்."

சேற்றில் இறங்கி எண்ணினோம். நான் ஒரு பக்கம், லூர்துமேரி ஒரு பக்கம், கோவிந்தராசு நடுவில். நூற்றுக்கு ஆறு. மருந்து தேவையில்லை. கடையில் சொல்லி வைத்திருந்த மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகக் கோவிந்தராசு அங்கேயே போனை எடுத்தார்.

ஏ.டி. சார் வரப்பில் நின்றபடி பையில் இருந்து அந்த மனுவை எடுத்தார். "என்ன லூர்துமேரி, புரியும்படி பேசுற அலுவலர் வேணும்னு எழுதியிருந்தீங்க. ஆள் மாத்திரவா?"

அவர் சேற்றுக் கையோடு மனுவைப் பார்த்தார். "அதை வேற மாதிரி எழுதியிருக்கணும் சார். பேசுறவங்க எத்தனையோ பேரு வந்து போயிட்டாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லி வயல்ல எறங்கின மொத ஆளு இவங்கதான். எங்கயும் அனுப்பிராதீங்க."

ஏ.டி. சார் பேனாவை எடுத்து மனுவின் மேல் 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெல்லாம் சேறு, துடைக்கவும் வழியில்லை.

ஆகவே புதிதாக வருகிறவர்களே, கதை படியுங்கள். கூச்சப்படாமல் சிறுவர் பகுதியில் உட்கார்ந்து படியுங்கள், அங்கே சொற்கள் ஓடியாடித் திரிகின்றன. ஆனால் எத்தனை புத்தகம் படித்தாலும், அதில் இல்லாத ஒரு சொல்லோடு யாராவது ஒருவர் பின்வரிசையில் எழுந்து நிற்பார். அன்றைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் நடங்கள்.