குளோவிஸ் தாண்ட முடியாத முதல் சரணம்

குளோவிஸைப் பற்றி அவனுடைய மனைவிகள் சொல்வதை எழுதப்போவதில்லை, தாள் பத்தாது. வயது அறுபத்தொன்பது. பழைய ரெகே பாட்டுகளை எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கிதாரும் மேளமும் மட்டும் வைத்துப் பாடுகிறான். மேளம் நான். முட்டி வலிக்கு ஏற்ற வேகம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்கள் தீவில், புல் பே ஊர்க் கடற்கரையில் பாட்டு பிடித்துவிட்டால் கைதட்ட மாட்டார்கள், தகர வேலியை அறைவார்கள். அறை விழுந்தால் அங்கேயே நிறுத்தி முதலிலிருந்து பாட வேண்டும். பாடகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. போன ஞாயிறு அந்த மரியாதையில்தான் குளோவிஸ் மாட்டிக்கொண்டான்.

அன்று அவன் எடுத்தது, இளவயதில் அவனும் அவன் கூட்டாளி எக்பர்ட்டும் சேர்ந்து பாடிய பாட்டு. இசைத்தட்டில் இரண்டு சரணம். பிறகு கஞ்சா கேஸில் உள்ளே போன எக்பர்ட் அங்கேயே காய்ச்சலில் செத்தான். சிறையில் அவன் எழுதிய மூன்றாவது சரணம், கூட இருந்தவனின் பைபிளுக்குள் கிடந்து, போன மாதம்தான் குளோவிஸ் கைக்கு வந்தது.

அதைக் கேட்க எக்பர்ட்டின் அக்கா மிஸ் ஐசில்டா வந்திருந்தார். எண்பத்து நாலு வயது. பதினொரு மாதம் வாராவாரம் சிறை வாசலுக்குத் தூக்குவாளியில் மீன் கொண்டுபோனவர். காவலாளி வாளியை வாங்கிக்கொள்வான், அவரை உள்ளே விடமாட்டான். தம்பி சாப்பிட்டானா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"தாள் இருக்கு, படிச்சுக் காட்டவா?" என்றான் குளோவிஸ்.

"பாட்டா எழுதினதைப் பத்திரம் மாதிரி படிப்பியா? பாடுடா."

பாடினான். முதல் சரணத்தின் பாதியில் தகரம் அதிர்ந்தது. முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி அதிர்ந்தது. இப்படி ஐந்து முறை. ஆறு மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள்; ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

"சாமிகளா, கொஞ்சம் தாண்டிப் போக விடுங்கப்பா!"

அதற்கும் சிரித்துக்கொண்டே அறைந்தார்கள்.

"கிழவன் முதல் சரணத்துலயே குடித்தனம் பண்றான்டி!" என்று மீன் பொரிக்கும் மெர்லீன் கத்தினாள்.

"நேரா மூணாவதுக்குப் போயிடு," என்றேன் அவன் காதில்.

போனான். 'அக்கா சுமந்த வாளி' என்று ஆரம்பித்ததுதான், டமார்! மிஸ் ஐசில்டாவின் ஊன்றுகோல். பழக்கதோஷம், என் கை நின்றுவிட்டது.

"ஏன்டா நிறுத்தினீங்க? அவன் சாப்பிட்டானா இல்லையா?"

"நீங்கதானே மிஸ் ஐசி தட்டுனீங்க!"

"நல்லாருந்துச்சு, தட்டுனேன். நிறுத்தவா சொன்னேன்?"

மறுபடி பாடினான். வாளி வாசலோடு நின்றதாம். வாசனை மட்டும் உள்ளே வந்ததாம். அதைத் தொட்டுக்கொண்டு வெறும் ரொட்டி தின்றானாம்.

யாரும் தகரத்தைத் தொடவில்லை. சரணம் கடைசி வரி வரை போய் முடிந்தது.

மிஸ் ஐசில்டா ஊன்றுகோலைத் தகரத்திலிருந்து எடுத்து மணலில் ஊன்றினார்.

"அந்தக் காவக்காரன் வாராவாரம் கொழுத்துக்கிட்டே போனான்," என்றார். "பாத்துக்கிட்டேதான் குடுத்தேன்."