தெற்கே தலை வைத்த கட்டில்

வேலுத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். ராஜபாளையத்தில் அவள் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. அம்புட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலேயும் அவள் பேச்சு கேட்கும். ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. காலையில் சண்டை போட்டவளிடமே சாயங்காலம் கருவேப்பிலை கேட்டுப் போய் நிற்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. எல்லாரும் சொல்கிறதுதானே என்பீர்கள். எல்லாரும் சொல்வார்கள், இவள் கண்ணால் பார்த்தவள். இவள் சிறுமியாக இருந்தபோது ஒரு சித்திரை வெயிலில், காற்று வருகிற பக்கமாக இருக்கட்டும் என்று அவள் அப்பா வடக்கே தலையைத் திருப்பிப் போட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவருக்கென்ன! கல்யாணமான புதுசில், அசந்து தூங்கின புருஷன் மாரிசாமியைப் பாயோடு இழுத்துத் திசை மாற்றிப் போட்டவள் அவள். "ஏட்டி, என்னைய என்ன நெல்லு மூட்டைன்னு நெனச்சியா?" என்று அவன் அரைத்தூக்கத்தில் சிரித்தான்.

மாரிசாமி மில்லில் கம்ப்ரசர் மெக்கானிக். தொண்ணூற்றி ஒன்றில் மில்லைப் பூட்டினார்கள். இன்றைக்குத் திறப்பான், நாளைக்குத் திறப்பான் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். பொறவு தெரிந்த ஆள் மூலமாக மாலத்தீவில் ஒரு பெரிய மோட்டார் போட்டில் வேலை வந்தது. வெள்ளைக்காரர்கள் வாரக்கணக்கில் அந்தப் போட்டிலேயே தங்கி, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவார்களாம். சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"நாம கெணத்துல விழுந்த வாளிய எடுக்க முங்குவோம். அவன் எதுக்கு முங்குதான்?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"மீனப் பாக்க."

"பாத்து? புடிச்சுக் கொழம்பு வைக்கானா?"

"பிடிக்கப்படாதாம். பாத்துட்டு வந்துருவானாம்."

"நல்லா இருக்கு போங்க, வேலையத்தவன் பொழப்பு!" என்றாள். அன்றைக்கெல்லாம் சிரித்தாள். அவன் ஏறின பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

தெருமுனை அரிசிக்கடை ஐயாதுரை வீட்டில் போன் உண்டு. மாரிசாமி முதல் தடவை பேசினபோது போட் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. மெக்கானிக் என்பதால் கேப்டன் அவனுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார். வேலையாட்களுக்கென்று இருந்ததில் இரண்டு ரூம் காலி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் சமையல்காரனுக்கு.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல ரூமுல ஜன்னல் இருக்கு, காத்து பிச்சுக்கிட்டு வருது. அலைக்கு ஆட்டந்தான் சாஸ்தி. கீழ ஆட்டமில்ல. ஆனா ஜன்னலும் கெடையாது, பக்கத்துலயே இன்ஜின். நான் மேலயே இருந்துக்கிடலாம்னு பாக்கேன்" என்றான்.

"தலைமாடு எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கட்டில்களை ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள், திருப்பிப் போட வழியில்லை. "மேல வடக்க இருக்கு. கீழ உள்ளது தெக்க" என்றான்.

"அப்பக் கீழயே படுங்க."

"ஏட்டி, இன்ஜின் சத்தம் காதக் கிழிக்கும்."

"மில்லுல கேக்காத சத்தமா? பச்சப்பிள்ள மாதிரி அழாதீக. எங்கப்பாவக் குடுத்தது போதும் எனக்கு."

"சரி, கீழயே படுக்கேன்" என்றான் மாரிசாமி. போனை வைத்துவிட்டு வந்தவள், புருஷன் இன்னும் தன் பேச்சைக் கேட்கிறான் என்று தறிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டாள்.

மறுவருஷம் தை கழிந்து செய்தி வந்தது. இன்ஜின் புகைக்குழாயில் எங்கேயோ விரிசல். புகை ஜன்னல் இல்லாத அந்தக் கீழ் ரூமுக்குள் இறங்கியிருக்கிறது. தூங்கினவன் தூங்கினபடியே போய்விட்டான். திருவனந்தபுரத்தில் இறக்கி, செங்கோட்டை வழியாக வேனில் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. எழுப்பினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான் போலிருந்தது. எழுப்பிப் பார்த்தாள். ஊரே பார்க்க, தோளைப் பிடித்து உலுக்கினாள் பாவி மகள்.

அழுகிறவர்கள் கடலைத் திட்டினார்கள், கேப்டனைத் திட்டினார்கள், மில்லைப் பூட்டின முதலாளியைத் திட்டினார்கள். வேலுத்தாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பெருமை அடித்ததெல்லாம் யாருக்கு ஞாபகம்? அவளுக்குத்தான் தெரியும், எந்த ரூம் என்று சொன்ன வாய் யாருடையது என்று. அதற்குப் பிறகு அந்த வாய் திறக்கவில்லை. தறிக்கூடத்தில், நூல் அறுந்ததைக்கூடக் கையைக் காட்டித்தான் சொன்னாள். நாம் சொன்னதுதான் கொன்றதா? ராத்திரி பகல் அந்த ஒரே கேள்விதான். மேலே படுத்திருந்தாலும் வடக்குத் தலை கொன்றிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வாள். அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போட்டில் சமையல்காரனாக இருந்த காசிராஜனுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவன் லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிப் போனாள். அவளைக் கண்டதும் அவன் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"தம்பி, மேல் ரூமுல யாரு படுத்தது?"

"நாந்தான் மதினி."

"வடக்க தலை வச்சா?"

காசிராஜன் முழித்தான். "வடக்குன்னு என்ன மதினி கணக்கு? கரையில கட்டிக் கெடந்தாத்தான் அதெல்லாம். கடலுக்குள்ள போயி நங்கூரம் போட்டா, காத்துக்கும் நீரோட்டத்துக்கும் தக்கன போட்டே சுத்திக்கிட்டு கெடக்கும். படுக்கையில தெக்க இருந்த தலை விடியக்குள்ள வடக்க இருக்கும், பொறவு மேக்க போவும். ரெண்டு ரூமும் ஒண்ணுதான்."

வேலுத்தாய் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் போயிற்று. "இது அவியளுக்குத் தெரியுமா?"

"மொதல் ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"தெரிஞ்சுமா கீழ கெடந்தாக? நீயாவது மேல கூப்பிட்டிருக்கப்படாதா, தம்பி?"

"கூப்பிட்டேன் மதினி. ஒரு தடவையா ரெண்டு தடவையா? அந்தப் புகை நாத்தம் ஒங்களுக்கு ஆகாது, நான் அடுப்புப் புகையில பழகுனவன், கீழ எறங்கிக்கிடுதேன், நீங்க மேல போங்கண்ணேன்னு கெஞ்சினேன். வேண்டாம்டா, போன் போட்டதும் மொதல்ல எங்க படுக்கீகன்னுதான் கேப்பா, அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு வராதுன்னுட்டாரு."

அவள் கேட்கத்தான் செய்தாள். போன் வந்தபோதெல்லாம், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கும் முன்னால் அதைத்தான் கேட்டாள். கீழதான், கீழதான் என்று ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினாள்.