பிரஷர் மாத்திரையும் என் மனைவியும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. காமத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். என் மகன் சுளித்ததைவிட அதிகமாக யாரும் சுளித்துவிட முடியாது.

நீலகிரி மலையில் கட்டபெட்டில் வீடு. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருடம் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று கோத்தகிரி டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் ஒழுங்காகப் போட்டு வந்தேன்.

எங்கள் பக்கம் ஐப்பசியில் வெயில் வருவதே அபூர்வம். வந்தால் வாசலின் ஒரு மூலையில் மட்டும் ஒரு மணி நேரம் நிற்கும். தலைக்குக் குளித்தால் என் மனைவி அங்கே போய்த்தான் முடியை விரித்துத் துண்டால் தட்டி உலர்த்துவாள். நாற்பத்தாறு வருடமாக அந்த நேரத்தில் நான் பேப்பரைக் கீழே வைத்துவிடுவேன். அன்று வைக்கவில்லை. ஆறாம் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். பயந்து போனேன்.

படுக்கையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதல்ல பயம். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, எனக்கு மூச்சிரைப்பு. நடக்காத மாதங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. அதுவே போய்விட்டது. அவள் நடந்தால் யாரோ நடப்பது போல இருந்தது. ஆசை விட்டுப்போன மாதமும் மாத்திரை வந்த மாதமும் ஒன்று. கணக்கு வாத்தியாருக்கு இது போதாதா?

டாக்டரிடம் மகன்தான் லீவு போட்டுக் காரில் கூட்டிப்போவான். எனக்குப் பதிலாக அவனே பேசுவான்.

"அப்பாவுக்கு மாத்திரை நல்லா ஒத்துக்கிச்சுங்க டாக்டர்."

"ஒத்துக்கலை" என்றேன். "நீ கொஞ்சம் வெளிய இரு."

"என்னங்கப்பா, எனக்குத் தெரியாம என்ன இருக்குது? சும்மா சொல்லுங்க."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. சொல்லிவிட்டேன்.

"இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து பொண்டாட்டி மேல ஆசையே இல்லாமப் போச்சுங்க டாக்டர். வேற எழுதிக் குடுங்க."

மகன் சட்டென்று எழுந்து, சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. சிரித்தார்.

"இந்த வயசுல இனி அதெல்லாம் எதுக்குங்கய்யா? நிம்மதியா இருங்க."

"பசி இல்லேன்னு வந்திருந்தா, இத்தனை வருசம் சாப்ட்டது போதும்னு சொல்லுவீங்களா?"

சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேள்வி கேட்டார். சிலருக்கு இந்த மாத்திரையால் அப்படி ஆவதுண்டு என்று ஒப்புக்கொண்டு வேறொன்று எழுதினார். வாரா வாரம் வந்து பிரஷர் பார்க்க வேண்டும், ஏறினால் பழையதற்கே திரும்ப வேண்டும் என்றார். சரி என்றேன்.

திரும்பும் வழியில் ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்றது. கார் நின்றதும் மகன் வாய் திறந்தான்.

"அசிங்கமா இல்லீங்களாப்பா? அம்மாவைக் கொஞ்சம் நெனச்சுப் பாத்தீங்களா?"

"அதைத்தான்டா நெனச்சுப் பாக்க முடியலேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்."

காட்டெருமை நகர்ந்ததும் அவன் காரைக் கிளப்பினான்.

அசிங்கம் எது? ஊட்டிக்குத் தேனிலவுக்கு வருகிற ஜோடிகள் படகில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தால் ஊரே ரசிக்கிறது. எங்கள் ஆசைக்குக் குளிர்தான் காரணம் என்று சமவெளி உறவினர்கள் கண்ணடிப்பார்கள். குளிர் என்றால் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப், மூன்று கம்பளி. அதில் என்ன காமம்?

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டே அறை, ஆறு பேர். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அப்பா இருமுவார். அப்போது ஆசை பிடிவாதமாக வளர்ந்தது. நெல்லியாளத்துக்கு மாற்றலாகி மூன்று வருடம் சனிக்கிழமை மட்டும் வீடு வந்தபோது, அது பஸ்ஸிலேயே என்னோடு உட்கார்ந்து வந்தது. அவள் அம்மா இறந்தபோது ஒரு வருடம் இருவருக்கும் இல்லாமல் போய், தானாகத் திரும்பியது. சுவர், தூரம், துக்கம், இப்போது ஒரு மாத்திரை. இவை ஒவ்வொன்றுக்கும் கூடிக் குறைகிற ஒன்றை, வயதைக் காட்டி மூடிவிடு என்று சொல்ல இவர்கள் யார்? ஒரு மனுஷியை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துப் பார்க்கிற கண் அது. அது இல்லாவிட்டால் நானும் அவளும் ஒரே வீட்டில் ரேஷன் வாங்கும் இரண்டு பேர்.

வீட்டில் மகன் சொல்லக் கேட்டு அவளும் சீறினாள்.

"ஏனுங்க, அதையுமா போயி டாக்டர்கிட்ட சொல்லுவாங்க? மருமக மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

இரண்டு நாள் சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. வாரா வாரம் லீவு கிடைக்காது என்று மகன் கைவிரித்தான். தனியாகப் போகலாமென்று செருப்பை மாட்டினேன். அவள் புடவை மாற்றி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நடங்க. நான் வாரேன்."

பிரஷர் ஏறித்தான் இருந்தது. "பழைய மாத்திரைக்கே போயிரலாங்களா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். மேஜையைப் பார்த்தபடி அவள் பதில் சொன்னாள்.

"உப்பு எத்தனை கொறைக்கோணும்னு சொல்லுங்க டாக்டர். ஊறுகா, அப்பளம் அல்லாத்தையும் நிறுத்திப்போடறேன். இந்த மாத்திரையே இருக்கட்டுங்க."

டாக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் அவள் வைத்த ரசத்தை மனிதனால் குடிக்க முடியாது. வேளைக்கு ஒரு குறை சொல்லிக்கொண்டே குடித்தேன். பிரஷர் இறங்கியது.

"மத்தது எப்படிங்கய்யா இருக்குது?" என்றார் டாக்டர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"இவளைக் கேளுங்க" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்து அவள் வெளியே போய்விட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.